ரஷ்ய மொழியா, செர்பிய மொழியா: தமிழர் எதை எடுத்துப் படிக்கலாம்?

இரண்டும் ஸ்லாவிய மொழிகள். இரண்டுக்கும் கிரில் எழுத்து உண்டு. அதை வைத்து, "ஒன்றைப் படித்தால் மற்றது தானாக வந்துவிடும், சுலபமானதில் தொடங்குவோம்" என்று கணக்குப் போடுகிறவர்கள் அதிகம். அந்தக் கணக்கு தப்பு. ரஷ்யம் கிழக்கு ஸ்லாவியக் கிளை. உக்ரைனியமும் பெலாரூசியமும் அதன் கூடப்பிறந்தவை. செர்பியம் தெற்குக் கிளை; ஸ்லோவேனியம், பல்கேரியம், மாசிடோனியம் அதன் பக்கத்து வீடுகள். கன்னடச் செய்தி ஒன்றை யாராவது நமக்கு வாசித்துக் காட்டினால் ஆங்காங்கே ஒரு சொல் பிடிபடும் அல்லவா? மாஸ்கோக்காரருக்கு செர்பியத் தலைநகர் பெல்கிரேடின் பேச்சு ஏறக்குறைய அப்படித்தான்.

எது சுலபம் என்பதற்கு ஆங்கிலப் புத்தகங்கள் தரும் விடையும் நமக்கு அப்படியே பொருந்தாது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சிக் கழகம் இரண்டையும் ஒரே வகையில் வைத்திருக்கிறது: 44 வாரம், சுமார் 1,100 வகுப்பு மணி. அது ஆங்கிலம் தாய்மொழியானவருக்கான அளவு. வேற்றுமை உருபுகளோடு பேசி வளர்ந்த நமக்குச் சுமை வேறு இடங்களில் விழுகிறது. செர்பியம் வாசலில் சுலபம்; உள்ளே போனபின் வாக்கிய அமைப்பு முரண்டு பிடிக்கும். ரஷ்யத்தில் வாசல்தான் கடினம். உள்ளே பல வாக்கியங்கள் தமிழைப் போலவே நடக்கும்.

எதற்காகப் படிக்கிறோம்?

போகும் ஊர் முடிவாகிவிட்டது என்றால் யோசிக்கவே வேண்டாம், அந்த ஊர் மொழியை நேரே எடுத்துக்கொள்ளுங்கள். ரஷ்யாவில் மருத்துவம் படிக்கப் போகும் மாணவர் ஆங்கில வழியில் சேர்ந்தாலும், மருத்துவமனைப் பயிற்சி தொடங்கியதும் நோயாளியிடம் ரஷ்யத்தில்தான் பேசியாக வேண்டும். கூடங்குளத்தில் ஓடுவது ரஷ்ய வடிவமைப்பு உலைகள்; அந்தத் துறையில் இருப்பவருக்கும் ரஷ்யம்தான் பயன். ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளில் அது ஒன்று. பெலாரூஸ், கஜகஸ்தான், கிர்கிஸ்தான் ஆகிய நாடுகளிலும் அரசு அளவில் இடம் உண்டு. தாய்மொழியாகப் பேசுவோர் சுமார் 15 கோடி.

செர்பியத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஒரு கோடிக்கும் குறைவு. ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து ஒதுக்கக் கூடாது. குரோஷியம், போஸ்னியம், மொண்டெநெக்ரோ மொழி என்று தனிப் பெயர்களில் வழங்குபவையும் பேச்சில் இதே மொழிதான். ரொட்டிக்கு பெல்கிரேடில் 'ஹ்லேப்', குரோஷியத் தலைநகர் ஸாக்ரெபில் 'க்ரூஹ்'. ரயிலுக்கு அங்கே 'வோஸ்', இங்கே 'வ்லாக்'. இப்படிச் சில நூறு சொற்களும், பாலுக்கு 'ம்லேக்கோ' என்பது 'ம்லியேக்கோ' ஆவது போன்ற உச்சரிப்பு வேறுபாடும் தெரிந்தால் நான்கு நாடுகளில் வேலை நடக்கும். அவற்றில் குரோஷியா 2013 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது.

எழுத்தும் ஒலியும்

ரஷ்ய எழுத்து 33, செர்பியக் கிரில் எழுத்து 30. பொதுவானவை 24. செர்பியத்தில் மட்டும் இருப்பவை 6, ரஷ்யத்தில் மட்டும் இருப்பவை 9. செர்பியத்துக்கு இலத்தீன் எழுத்தும் உண்டு, அதிலும் 30. அரசியல் சட்டப்படி அலுவல் எழுத்து கிரில்தான். கடைப் பலகை, இணையம், குறுஞ்செய்தி என்று பார்த்தால் இலத்தீன் எங்கும் கலந்திருக்கும். இரண்டையும் படிக்க வேண்டியிருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். ஒரு கிரில் எழுத்துக்கு நேராக ஓர் இலத்தீன் வடிவம் இருப்பதால், கிரிலுக்கு நான்கு நாள், இலத்தீனுக்கு இரண்டு நாள் போதும். செர்பிய விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தை இரண்டு எழுத்திலும் மாற்றிப் பார்க்க வசதி இருக்கிறது. முதல் மாதம் தினமும் ஒரு பத்தியைக் கிரிலில் படித்து, பிறகு மாற்றிச் சரிபார்த்தால் இரண்டும் கைவந்துவிடும்.

இந்த எளிமைக்குக் காரணம் செர்பிய எழுத்தைச் சீர்திருத்திய வூக் கராஜிச். 1818இல் அவர் வெளியிட்ட அகராதியில் ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்ற ஒழுங்கைக் கொண்டுவந்தார். 1868இல் செர்பியா அதை முழுமையாக ஏற்றது. அன்றிலிருந்து எழுதியதைப் படிக்கலாம், கேட்டதை எழுதலாம். பின்னால் வரும் ஒலியால் முன் ஒலி மாறினால் அந்த மாற்றமும் எழுத்திலேயே வந்துவிடும்.

ரஷ்யத்தில் எழுத்துக்கும் வாய்க்கும் நடுவே அழுத்தம் உட்கார்ந்திருக்கிறது. ஒரு சொல்லில் ஓர் அசைக்கு மட்டும் அழுத்தம். மற்ற அசைகளில் உயிரொலி தேய்ந்துவிடும். பாலுக்கு எழுதுவது 'மோலோக்கோ', சொல்வது 'மலக்கோ'. இந்தத் தேய்வு தமிழருக்கு அந்நியமானதல்ல. 'நாடு', 'காசு' என்னும்போது கடைசி உகரத்தை நாம் முழுதாகச் சொல்வதில்லை; குற்றியலுகரம் என்று அதற்கு இலக்கணமே பெயர் வைத்திருக்கிறது. சிக்கல், ரஷ்ய அழுத்தம் எந்த அசையில் விழும் என்பதற்கு நம்பகமான விதி இல்லை என்பதும், அச்சில் அது குறிக்கப்படுவதில்லை என்பதும்தான். ஒரே எழுத்துக்கூட்டலை 'ஸாமக்' என்றால் கோட்டை, 'ஸமோக்' என்றால் பூட்டு. நகரம் என்ற சொல்லையே எடுங்கள்: எழுத்தில் ஒரே வடிவம், 'கோரத' என்று முன்னால் அழுத்தினால் 'நகரத்தின்', 'கரதா' என்று பின்னால் அழுத்தினால் 'நகரங்கள்'. எனவே முதல் நாளிலிருந்தே அழுத்தக்குறி போட்ட பாடநூல், அழுத்தக்குறி காட்டும் அகராதி இரண்டும் வேண்டும். அழுத்தம் தெரியாமல் மனப்பாடம் செய்த 500 சொற்களைத் திருத்துவது புதிதாக 500 சொல் படிப்பதைவிடக் கடினம்.

செர்பியத்தில் உயிர் ஐந்து, எங்கும் தேயாது. ஆனால் குறில் நெடில் உண்டு, அதுவும் எழுத்தில் வராது. 'லுக்' குறிலானால் வெங்காயம், 'லூக்' நெடிலானால் வில். 'க்ரத்' குறிலில் ஆலங்கட்டி, 'க்ராத்' நெடிலில் நகரம். 'கல்', 'கால்' என்று பிறந்ததிலிருந்து பிரித்துக் கேட்கும் காதுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. இதன்மேல் ஏறுதொனி, இறங்குதொனி என்று இன்னொரு அடுக்கு உண்டு; குறில் நெடிலோடு சேர்த்து நான்கு வகை. முதல் ஆண்டில் தொனியை விட்டுவிடலாம், பேச்சு புரியாமல் போகாது.

மெய்யொலிகளில் இரண்டு மொழியிலும் 'ட' கிடையாது. ஆங்கிலம் வழியாகப் படிக்கும் தமிழர் 'ட' போடுவார். அங்கே வருவது பல்லில் நா படும் நம்முடைய 'த'. செர்பியத்தின் 'வ' நம் 'வ'வேதான். இலத்தீனில் 'என்', 'ஜே' சேர்த்து எழுதும் எழுத்து அச்சாக நம் 'ஞ'. ரஷ்யத்தின் தடித்த 'ஷ' நாவை மடக்கிச் சொல்லும் நம் 'ஷ'வுக்கு மிக அருகில் இருக்கிறது. 'பச்சை'யில் வரும் 'ச்ச' ரஷ்யச் 'ச'வுக்குப் பொருந்தும். செர்பியத்தில் இரண்டு 'ச' உண்டு: மெல்லியது 'பச்சை'யில் வருவது, மற்றது நாவைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துச் சொல்வது. இரண்டையும் ஒன்றாகச் சொன்னாலும் ஆள் புரிந்துகொள்வார்.

ரஷ்யத்தில் அப்படித் தப்ப முடியாத இடம் மென்மெய்கள். 'ப்ராத்' என்றால் சகோதரன். அதே சொல்லின் கடைசி 'த்'தை நாவின் நடுப்பகுதியை மேலண்ணத்துக்கு உயர்த்தி, 'இ' சொல்லப் போகிற வாக்கில் நிறுத்தினால் 'எடுக்க' என்று பொருள். ஏறக்குறைய எல்லா மெய்க்கும் இப்படி வன்மை, மென்மை என்ற இரட்டை உண்டு. 'த்' என்பதைத் 'த்ய' என்று நீட்டிச் சொல்வது வழக்கமான பிழை. அங்கே தனியாக ஒரு 'ய' இல்லை. செர்பியத்தில் மென்மெய்கள் சில மட்டுமே, அவற்றுக்குத் தனி எழுத்தும் இருக்கிறது. அதற்கு ஈடாக அது வேறொன்று வைத்திருக்கிறது: உயிரே இல்லாத சொற்கள். விரலுக்கு 'ப்ர்ஸ்த்', இரத்தத்துக்கு 'க்ர்வ்'. நடுவிலுள்ள 'ர்'தான் அங்கே உயிரின் வேலையைப் பார்க்கிறது. 'பிருஸ்து' என்று நாம் உயிர் நுழைத்தால் கேட்பவர் திகைப்பார். 'ர்'ரை இரண்டு துடிப்பு நீட்டிப் பழகினால் சரியாகிவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இங்கே அச்சுக்காகத் தமிழில் எழுதியிருக்கிறது. நோட்டில் அப்படி எழுதிப் படிக்காதீர்கள். வீட்டுக்கும் 'தோம்', நூலின் தொகுதிக்கும் 'தோம்' என்றுதான் தமிழில் வரும். அங்கே முதல் ஒலிகள் வேறு வேறு. ரஷ்யத்தில் 'குடிக்க', 'அடிக்க' இரண்டும் நம் எழுத்தில் 'பீத்' ஆகிவிடும். 'தங்கம்' என்பதில் 'க' அதிர்ந்து ஒலிப்பதும் 'பக்கம்' என்பதில் அதிராமல் இருப்பதும் நம் வாய்க்குத் தெரியும். ஆனால் சொல்லின் முதலில் அவற்றைப் பிரித்துச் சொல்லப் பழக்கம் போதாது. தினம் ஐந்து நிமிடம் இத்தகைய இணைச்சொற்களைக் கேட்டு, எது எது என்று எழுதிப் பார்ப்பதே மருந்து.

வாக்கியம்: தமிழுக்கு எது பக்கம்?

ஆங்கிலவழிப் பாடநூல்கள் காட்டாத நெருக்கம் இங்கேதான் இருக்கிறது. 'நான் மாணவன்' என்பதற்கு ரஷ்யத்தில் 'யா ஸ்துத்யேந்த்'. நடுவில் வினை இல்லை, தமிழில் இல்லாதது போலவே. செர்பியத்தில் 'யா சம் ஸ்துதெந்த்'. அந்தச் 'சம்' இல்லாவிட்டால் வாக்கியம் நிற்காது. 'என்னிடம் புத்தகம் இருக்கிறது' என்பதை ரஷ்யர் 'உ மின்யா யேஸ்த் க்னீகா' என்பார்: என்னிடம், இருக்கிறது, புத்தகம். செர்பியர் 'இமாம் க்ஞிகு' என்று, புத்தகத்தைத் தான் உடையவன் என்னும் பொருளில், தனி வினை போடுவார். வயதைச் சொல்லும்போது ரஷ்யத்தில் 'ம்ன்யே த்வாத்ஸத் ல்யேத்', சொல்லுக்குச் சொல் 'எனக்கு இருபது வருடம்'. செர்பியத்தில் 'இருபது ஆண்டுகள் உடையேன்'.

மருத்துவமனைக் கேள்வியையே பாருங்கள். ரஷ்யத்தில் 'ஷ்தோ உ வாஸ் பலீத்?', 'உங்களிடத்தில் என்ன வலிக்கிறது' என்ற அமைப்பு. செர்பியத்தில் 'ஷ்தா வாஸ் போலி?', 'உங்களை என்ன வலிக்கிறது' என்று இரண்டாம் வேற்றுமை. தமிழில் 'உங்களுக்கு' என்று நான்காம் வேற்றுமை போட்டுப் பழகியவர் இரண்டு மொழியிலும் அதையே போட்டுவிடுவார், இரண்டிலும் தப்பு. எனக்குக் குளிர்கிறது, எனக்குப் பிடித்திருக்கிறது போன்றவற்றில் இரண்டும் நம்மைப் போலவே நான்காம் வேற்றுமை போடும்.

'படிக்க விரும்புகிறேன்' என்று நாம் செயவெனெச்சம் போடும் இடத்தில் ரஷ்யமும் எச்சம் போடுகிறது: 'ஹச்சூ ச்சிதாத்'. செர்பியாவில் பேச்சுவழக்கு 'ஹோச்சு தா ச்சிதாம்'. 'விரும்புகிறேன், நான் படிக்கிறேன் என்பதாக' என்று இரண்டு வினையையும் இடம் (தன்மை, முன்னிலை, படர்க்கை), எண் பார்த்துத் திருப்ப வேண்டும். 'படிக்கிற பையன்', 'படித்த புத்தகம்' போன்ற பெயரெச்சங்கள் ரஷ்ய எழுத்துநடையில் வண்டி வண்டியாக வரும். செர்பியத்தில் 'படிக்கிற' என்ற வகை வழக்கொழிந்துவிட்டது. 'எந்தப் பையன் படிக்கிறானோ அவன்' என்று சுற்றித்தான் வர வேண்டும்.

செர்பியத்தில் உண்மையாகவே திணறடிப்பது ஒட்டுச்சொற்களின் வரிசை. சம், மு, கா, யே போன்ற சிறுசொற்கள் வாக்கியத்தில் இரண்டாம் இடத்தில், அதுவும் ஒரு குறிப்பிட்ட வரிசையில், கொத்தாக நிற்க வேண்டும். 'நேற்று அவனுக்கு அதைக் கொடுத்தேன்': 'யுச்சே சம் மு கா தாவோ'. 'சம்' தன்மைக்குரிய துணைவினை, 'மு' அவனுக்கு, 'கா' அதை. இப்போது 'கொடுத்தேன்' என்பதைக் 'கொடுத்தான்' ஆக்குங்கள்: 'யுச்சே மு கா யே தாவோ'. துணைவினை கொத்தின் தலையிலிருந்து வாலுக்குப் போய்விட்டது! படர்க்கை ஒருமையின் 'யே' மட்டும் இப்படிக் கடைசியில் நிற்கும். 'நேற்று' என்பதை எடுத்துவிட்டால் கொத்து வாக்கியத் தொடக்கத்தில் நிற்க முடியாது. உடனே வினை முன்னால் வரும்: 'தாவோ சம் மு கா'. விதியைப் படித்து இது வராது. இப்படிப்பட்ட 30 வாக்கியங்களைத் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மாற்றி மாற்றி வாய்விட்டுச் சொன்னால்தான் வரும். ரஷ்யத்தில் இந்தத் தொல்லை இல்லை. சொற்களைத் தமிழில் போலவே முன்பின் மாற்றலாம்.

வினை

'படித்தேன்' என்பதற்கும் 'படித்துவிட்டேன்' என்பதற்கும் உள்ள வேறுபாடு தெரிந்தவருக்கு ஸ்லாவிய வினையின் பெரிய பூதமே பாதி அடங்கிவிடும். இரண்டு மொழியிலும் ஒவ்வொரு செயலுக்கும் நடப்பது, முடிவது என்று இரண்டு வினை. ரஷ்யத்தில் 'ச்சிதால்', 'ப்ரச்சிதால்'. செர்பியத்தில் 'ச்சிதாவோ', 'ப்ரோச்சிதாவோ'. அகராதியிலிருந்து வினையை எழுதும்போது இரண்டையும் ஜோடியாகவே எழுதுங்கள். ஜோடியின் பயன் மட்டும் ஓரிடத்தில் பிரிகிறது. ரஷ்யத்தில் முடிவினையின் நிகழ்கால வடிவமே எதிர்காலமாகும். 'ப்ரச்சிதாயு' என்றால் 'படித்துவிடுவேன்'. செர்பியத்தில் 'ப்ரோச்சிதாம்' தனியே நிற்காது. 'ப்ரோச்சிதாச்சு' என்று எதிர்கால விகுதி வேண்டும். ரஷ்யத்திலிருந்து வருபவர்கள் விடாமல் செய்யும் பிழை இது.

போதல் வினையில் ரஷ்யம் இரக்கமே காட்டாது. 'போகிறேன்' என்று நாம் சொல்வதை, நடந்தா வண்டியிலா, இப்போது ஒருமுறையா வழக்கமாகவா என்று பார்த்து நான்காகப் பிரிக்கும்: 'இதூ', 'ஹஜூ', 'யேது', 'யேஜ்ஜு'. இவற்றின் முன் ஒட்டுகள் சேரும்போது வந்தேன், கிளம்பினேன், கடந்தேன், நுழைந்தேன் என்று இன்னும் கிளைக்கும். 'இந்தியாவிலிருந்து வந்தேன்' என்பதற்கு 'ப்ரிஷோல்' என்றால் நடந்தே வந்ததாகப் பொருள். 'ப்ரியேஹல்' என்றுதான் சொல்ல வேண்டும். இதற்கென்று இரண்டு மாதம் தனியாக ஒதுக்குங்கள். செர்பியத்தில் 'இதேம்' ஒன்றே நடைக்கும் பேருந்துக்கும் போதும்.

வேற்றுமை

ரஷ்யத்தில் ஆறு, செர்பியத்தில் ஏழு. ஏழாவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது விளி. 'முருகன்' 'முருகா' ஆவது போல 'இவான்' 'இவானே' ஆகும், சகோதரன் 'ப்ராத்' 'ப்ராதே' ஆகும், அம்மா 'மாய்கா' 'மாய்கோ' ஆகும். எட்டு வேற்றுமை எண்ணிப் பழகிய நமக்கு இது வீட்டுச் சாமான். ரஷ்யத்தில் விளி, கடவுளைக் கூப்பிடும் 'போஜெ' போன்ற ஓரிரு சொல்லில் மட்டும் தங்கியிருக்கிறது.

வடிவங்களின் எண்ணிக்கையில் செர்பியம் குறைவு. ஒருமையில் நான்காம் வேற்றுமையும் இட வேற்றுமையும் ஒரே வடிவம்: நகரத்துக்கும் 'க்ராது', நகரத்தில் என்பதற்கும் 'க்ராது'. பன்மையில் மூன்று வேற்றுமைக்கு 'க்ராதோவிமா' ஒன்றே. ரஷ்யத்தில் 'கரதாம்', 'கரதாமி', 'கரதாஹ்' என்று மூன்றும் தனித்தனி. எண்ணுப்பெயரில் வேறுபாடு இன்னும் பெரிது. செர்பியத்தில் ஐந்து முதல் எண்கள் பெரும்பாலும் எந்த வேற்றுமையிலும் மாறாது. ரஷ்யத்தில் ஐம்பது என்ற சொல்லின் இரண்டு பகுதியும் வேற்றுமை ஏற்கும். தாய்மொழிக்காரர்களே பேச்சில் தடுமாறுவார்கள்.

உயர்திணை, அஃறிணை பார்க்கும் பழக்கமும் உதவும். 'வீடு பார்த்தேன்', 'பையனைப் பார்த்தேன்' என்பது போல இரண்டு மொழியிலும் ஆண்பால் ஒருமைச் செயப்படுபொருளில் உயிரற்றதற்கு வடிவம் மாறாது, உயிருள்ளதற்கு மாறும். விலங்குகளும் உயிருள்ள கணக்கில் சேரும், அதை மட்டும் நினைவில் வையுங்கள். ரஷ்யம் இதைப் பன்மைக்கும் நீட்டுகிறது. செர்பியம் அப்படி நீட்டவில்லை. அதற்குப் பதிலாகப் பன்மையிலும் ஆண், பெண், அலி என்று மூன்று பால் காட்டுகிறது.

எங்கே, எதை வைத்துப் படிப்பது

ரஷ்யத்துக்குத் தமிழ்நாட்டில் நல்ல அடித்தளம் உண்டு. சென்னை ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கன் சாலையில் ரஷ்யப் பண்பாட்டு மையம் மொழி வகுப்பு நடத்துகிறது. மாஸ்கோவில் 1960இல் தமிழ்-ரஷ்ய அகராதியும், 1965இல் ரஷ்ய-தமிழ் அகராதியும் வெளியாயின. சோவியத் காலத்தில் தமிழில் அச்சாகி நியூ செஞ்சுரி புத்தக நிலையம் வழியே விற்ற கதைகள் பழைய புத்தகக் கடைகளில் இன்னும் கிடைக்கும்; அவற்றின் ரஷ்ய மூலம் இணையத்தில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து நாளுக்கு அரைப் பக்கம் படிப்பதைவிட நல்ல பயிற்சி இல்லை. தேர்வும் ஒழுங்காக இருக்கிறது. ரஷ்யத்தை அயல்மொழியாகப் படிப்பவருக்கான டோர்ஃபல் தேர்வு ஆறு நிலை; ரஷ்யவழிப் பட்டப்படிப்புக்குக் கேட்பது முதல் சான்றிதழ் நிலை, அதாவது ஐரோப்பிய அளவுகோலில் பி1 என்னும் இடைநிலை, சுமார் 2,300 சொல். சொல்-இலக்கணம், வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு என ஐந்து பிரிவு. தேர்ச்சி பொதுவாகப் பிரிவுக்கு 66 சதவீதம். மொத்தம் கூட்டிப் பார்க்க மாட்டார்கள் என்பதால் கேட்டலை விட்டுவைத்தவர் அங்கேதான் விழுவார்.

செர்பியத்துக்கு உலகெங்கும் நடக்கும் அப்படி ஒரே தேர்வு இல்லை. பல்கலைக்கழகங்கள் சான்றிதழ் தருகின்றன. பெல்கிரேட் பல்கலைக்கழக மொழியியல் புலத்திலும் நோவி ஸாதிலும் வெளிநாட்டவருக்கான மையங்கள் உண்டு. நம் ஊரிலிருந்து படிப்பவருக்குப் பெரும்பாலும் இணையவழி ஆசிரியரும் ஆங்கிலவழிப் பாடநூலும்தான் கதி. குறுஞ்செய்தியில் இலத்தீன் எழுத்தின் மேற்குறிகளை அவர்கள் விட்டுவிடுவதும் தொடக்கத்தில் குழப்பும்: 'கூச்சா' என்னும் வீடும் 'குத்ஸா' என்னும் நாய்க்குட்டியும் அப்போது ஒரே எழுத்துக்கூட்டலாகிவிடும். சொற்களில் மட்டும் ஓர் ஆறுதல் உண்டு. துருக்கியம் வழியே வந்த செர்பியச் சொற்கள் சில நமக்குச் சொந்தக்காரர்கள். சட்டைப் பைக்கு 'ஜேப்', நம் பழைய 'ஜேபி'. சர்க்கரைக்கு 'ஷெச்செர்'; வேர் ஒன்றே.

ஊர் முடிவாகாதவர், மொழிக்காகவே படிக்கிறவர் என்றால் ரஷ்யத்தையே எடுக்கச் சொல்வோம். ஆசிரியரும் நூலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன, வாக்கியம் நம் பக்கம் இருக்கிறது. ஆனால் தினம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதவர், முன்பு ஒரு மொழியைத் தொடங்கிப் பாதியில் விட்டவர், செர்பியத்தில் தொடங்குவது நல்லது. மூன்றாம் வாரத்தில் எதையும் பிழையில்லாமல் வாசிக்க முடியும். அந்தத் தெம்பு ஆளைத் தாங்கும்.

இரண்டையும் படிக்க நினைப்பவர் முதல் மொழியில் பி1 எட்டும்வரை அடுத்ததைத் தொடக் கூடாது. ரஷ்யத்துக்குப் பின் செர்பியம் வந்தால் வேற்றுமை, வினை ஜோடி, வேர்ச்சொற்கள் இலவசம். உயிரைத் தேய்ப்பதையும், சொல்லிறுதியில் அதிர்வைக் கொல்வதையும் மறக்க வேண்டும். ரஷ்யர் 'நண்பன்' என்ற சொல்லின் கடைசி ஒலியை அதிர்வில்லாத 'க்' ஆக்கிவிடுவார், செர்பியர் ஆக்க மாட்டார். இரண்டாம் மொழியின் நோட்டில் முதல் பக்கத்தைப் போலி நண்பர்களுக்கு, அதாவது ஒரே மாதிரி ஒலித்துப் பொருள் மாறும் சொற்களுக்கு, ஒதுக்குங்கள். 'ஸ்லோவோ' ரஷ்யத்தில் சொல், செர்பியத்தில் எழுத்து. 'ஸ்தோலித்ஸா' அங்கே தலைநகரம், இங்கே நாற்காலி. 'ஜிவோத்' அங்கே வயிறு, இங்கே வாழ்க்கை. 'போனோஸ்' அங்கே வயிற்றுப்போக்கு, இங்கே பெருமிதம். டாக்ஸியில் செர்பியர் 'ப்ராவோ' என்றால் நேரே போகச் சொல்கிறார். ரஷ்யம் தெரிந்தவர் காதில் அது வலப்பக்கம் என்று விழும். எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில் எழுத வேண்டியது 'நெதேல்யா'. ரஷ்யத்தில் அது வாரம். செர்பியத்தில் வாரமும் உண்டு, ஆனால் முதலில் அது ஞாயிற்றுக்கிழமை. மாத்திரைச் சீட்டில் ரஷ்யர் எழுதும் 'வ் நெதேல்யு' என்பது 'வாரத்துக்கு'. செர்பியர் எழுதும் 'உ நெதேல்யு' என்பது 'ஞாயிறன்று'.